பென்னாகரம் பக்கம் மண்சுவரில் பயிற்சி மையம்: சரிவருமா?

(புனைபெயர்களில் நடந்த ஓர் உரையாடல்)

மானாவாரி: தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் – ஒகேனக்கல் சாலைக்கு உள்ளே, இரண்டு ஏக்கர் செம்மண் மேடு. நாற்பது பேர் தங்கிச் சிறுதானியம், விதை சேமிப்பு கற்றுக்கொள்ளவும், சும்மா நாலு நாள் ஓய்வாக இருக்கவும் ஒரு மையம் கட்டப்போகிறோம். அந்த மண்ணிலேயே ஒன்றரை அடித் தடிமனில் சுவர், மேலே நாட்டு ஓடு, ஏ.சி. கிடையாது. பொறியாளர் நண்பர் சிரிக்கிறார்.

கம்பிகட்டி: நானும் சிரிக்கிறேன். மண் வீட்டில் பிறந்தவன் நான். வருடா வருடம் பொங்கலுக்கு முன் அம்மா பூசுவார். ஆடியில் கரையான் திரும்ப ஏறிவிடும். உங்கள் மையத்தில் யார் பூசுவது, வகுப்புக்கு வருகிறவர்களா?

மானாவாரி: பச்சை மண் இல்லைங்கணா. ஆரோவில்லில் செய்வதுபோல, 5 சதவீதம் சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திய கல். சூளை வேண்டாம், பூச்சும் வேண்டாம். அடியில் இரண்டடிக்குக் கருங்கல். அதற்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா?

ஓட்டுவீடு: கம்பிகட்டி அண்ணா, சித்திரையில் ஹாலோ பிளாக் சுவரும் கான்கிரீட் தளமும் உள்ள அறையில் மாலை நாலு மணிக்கு உட்கார்ந்து பாருங்கள். தடித்த மண்சுவரில் வெளிச்சூடு உள்ளே வர ஏறக்குறைய பத்து மணி நேரமாகும்.

கம்பிகட்டி: சரி, கணக்குப் போடுவோம். மேற்குச் சுவரில் சாயங்காலம் நாலு மணி வெயில். பத்து மணி நேரம் கழித்தால் விடிகாலை இரண்டு. நாற்பது பேரும் புரண்டு புரண்டு படுத்திருக்கும் நேரம்!

ஓட்டுவீடு: இது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் பழைய வீடுகளில் கோடையில் யாரும் உள்ளே படுத்ததில்லை. திண்ணை, முற்றம், களம். பகலில் புழங்கும் வகுப்பறைக்குத் தடித்த சுவர் போடுங்கள். படுக்கும் இடத்துக்கு மெல்லிய சுவர், நாலு பக்கமும் தாழ்வாரம், கொசுவலை. மேற்கே சுவருக்கு முன்னால் வேம்பு.

பல்லில்கறை: சுவரைப் பற்றியே பேசுகிறீர்கள், தண்ணீரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த மாவட்டத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு; அளவு மிஞ்சினால் பல்லில் கறை படியும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறார்கள். என் பெயரே அதைத் தாண்டிய ஊரில் வளர்ந்ததால் வந்ததுதான். கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடும்.

கம்பிகட்டி: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இலேயே வந்துவிட்டதே, அம்மணி?

பல்லில்கறை: ஊருக்கு வந்தது. இவர் மேட்டுக்கு யார் குழாய் இழுப்பது? ஆண்டு மழை சுமார் 850 மி.மீ. ஆயிரம் சதுர அடிக் கூரையில் விழுவதில் 80 சதவீதம் பிடித்தால் 63,000 லிட்டர். குளிக்கவும் துவைக்கவும் ஆளுக்கு 70 லிட்டர் என்று செலவழித்தால் 22 நாளில் காலி. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 7 லிட்டர் என்றால் 225 நாள். மற்றதற்கு போர் தண்ணீர், அந்தக் கழிவுநீர் வாழைக்கும் வேம்புக்கும். முதலில் தொட்டி எங்கே என்று குறியுங்கள். மழையில்லாத ஐந்து மாதத்துக்கு 42,000 லிட்டர் தொட்டி வேண்டும். அப்புறம் சுவரை வரையுங்கள்.

மானாவாரி: உண்மையைச் சொன்னால், என் வரைபடத்தில் தொட்டியே இல்லை. மாற்றுகிறேன்.

கம்பிகட்டி: நல்லது. ஆனால் குடிதண்ணீர் ஓட்டுக் கூரையிலிருந்தா? அந்தச் சாலையில் போனவர்தானே நீங்கள்? ஒரு வாழைப்பழத்தைக் காட்டினால் குரங்குகள் கூட்டமாக வரும். கூரையில் ஒரு ஓடு மிஞ்சாது.

ஓட்டுவீடு: ஓட்டுக்கு மேல் கம்பி வலை?

கம்பிகட்டி: வலைக்கு மேல் உட்கார்ந்து மற்ற வேலையை முடிக்கும். அந்தத் தண்ணீரையா குடிப்பீர்கள்?

பல்லில்கறை: முதல் மழையை வெளியே விட்டு, மணல் கரி வடிகட்டி வைத்து, குடிப்பதைக் காய்ச்சினால் போதும். கிருமி கொதியில் சாகும், ஃப்ளோரைடுதான் சாகாது.

மானாவாரி: இப்போதுதான் எங்கள் கொத்தனாரிடம் பேசினேன். மண்சுவர் என்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஓடு என்றதும், "குரங்குக்கு என்ன பண்ணப்போறீங்க?" என்கிறார்.