புதுப்பிப்பு: க்னோமுக்கு மாத நன்கொடை, திருகோணமலையிலிருந்து இப்போது போகிறது

மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன்: உப்புவெளியில் நான் நடத்தும் கணினி வகுப்பின் பழைய மெஷின்கள் க்னோம் என்ற இலவச லினக்ஸ் டெஸ்க்டாப்பில்தான் ஓடுகின்றன, அதற்கு மாதாமாதம் 5 டொலர் நன்கொடை அனுப்பலாமென்றால் என் டெபிட் கார்ட் எடுபடவில்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "வங்கியைக் கேளுங்கோ" என்ற அண்ணாவின் யோசனை. வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு என் கார்டில் மூடியிருந்தது. திறந்த அன்றே முதல் தவணை போனது. பிரவுசரை மாற்றிப் பார்த்ததெல்லாம் வீண்.

எதிர்பாராதது: இரண்டாம் தவணை மறுபடி நின்றது. அந்த அனுமதி 30 நாளுக்கு மட்டுமாம், யாரும் சொல்லவில்லை! முடிவுத் தேதி இல்லாமல் மாற்றச் சொன்னேன். அப்புறம் தடங்கல் இல்லை. டொலரில் கழிவதால் ரூபாய்க் கணக்கு மட்டும் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் மாறுகிறது.

வருடத்துக்கு ஒரேயடியாக அனுப்பலாமே என்று கேட்ட தங்கைக்கு: அனுப்பலாம். ஆனால் மாதம் இவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் க்னோம் அறக்கட்டளையால் ஊழியர் சம்பளத்தையும் மாநாட்டுப் பயண உதவியையும் முன்கூட்டியே திட்டமிட முடியும். எனக்கும் சுமை தெரியவில்லை. அமெரிக்காவில் பதிவான அமைப்பு என்பதால் அங்கத்தைய வரிச் சலுகை நமக்கு உதவாது, சரி, அதற்காகவா அனுப்புகிறோம்.