மரத்தில் தொங்கும் சேடிலில் இடுப்பு வலி: புதியது வாங்குவதா, இருப்பதையே சரிசெய்வதா?

கேள்வி: ஆற்றோர வில்லாளி

அனைவருக்கும் வணக்கம். மிச்சிகன் மாநிலத்தின் தென்பகுதியில், பொது நிலத்தில் வில்லால் மான் வேட்டையாடி வருகிறேன். இது எனக்கு மூன்றாவது பருவம். முதல் இரண்டு ஆண்டுகளும் மரத்தில் கட்டும் பரணைத்தான் பயன்படுத்தினேன். அந்தச் சட்டத்தை முதுகில் சுமந்துகொண்டு, விடியலுக்கு முன் இருட்டில் முக்கால் மைல் நடந்து, கிளைகளில் இடித்து ஓசை எழுப்பிச் சலித்துப்போனதால் இந்த ஆண்டு, இடுப்பில் மாட்டிக்கொண்டு மரத்திலிருந்து கயிற்றில் தொங்கும் துணி இருக்கையான சேடிலுக்கு மாறினேன். ஒருவர் பயன்படுத்திய ஒற்றைப் பட்டைச் சேடில் (இருக்கை முழுவதும் ஒரே துணிப்பட்டை) நல்ல விலைக்குக் கிடைத்தது. என் ஜீன்ஸ் அளவு 36 என்பதால் அதற்கேற்ற அளவையே எடுத்தேன்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேப்பிள் மரத்தில் மூன்று மாலைகள் பழகிப் பார்த்தேன். ஏறி நின்ற முதல் கால் மணி நேரம் சுகமாகவே இருக்கிறது. நாற்பது நிமிடம் ஆனதும் இடுப்பெலும்பின் இரு பக்கமும் பாக்குவெட்டிக்குள் அகப்பட்டதைப் போல நெரிபடுகிறது. ஒரு மணி நேரத்தில் வலது தொடை மரத்துப்போய்விடுகிறது. இரவு பார்த்தால், இடுப்பு எலும்பின் மேல் கயிற்று வளையத்தின் வடிவமே சிவந்து பதிந்திருக்கிறது.

இப்போது என் அமைப்பு இதுதான். இடுப்பின் இரு பக்க வளையங்களையும் இணைக்கும் பிரிட்ஜ் கயிறு ஏறக்குறைய 23 அங்குல நீளம் இருக்கிறது. மரத்தைச் சுற்றிக் கட்டும் டெதர் கயிறு, மரத்தில் கட்டிய சிறு கால்தட்டான பிளாட்ஃபார்மில் நிற்கும்போது என் மார்பளவில் இருக்கிறது. வில் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. நவம்பர் முதல் வாரத்தில், கிடாக்கள் பெட்டைகளைத் தேடி அலையும் நாட்களில், காலை முதல் மாலை வரை இறங்காமல் இருக்க விரும்புகிறேன். இரட்டைப் பட்டைச் சேடில் வாங்கினால் இந்த வலி தீருமா, அல்லது நான் கட்டும் முறையில்தான் பிழை இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பதில் 1: கயிறும் கிளையும்

வணக்கம். பணம் செலவழிக்கும் முன் கயிறுகளைச் சரிசெய்து பாருங்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. நீங்கள் கொடுத்த இரண்டு அளவுகளுமே வலியை வரவழைக்கும் அளவுகள்.

முதலில் பிரிட்ஜ். குழந்தையைத் தூளியில் கிடத்தும்போது, துணியின் இரு பக்கமும் குழந்தையை நெருக்காமல் இருக்க நம் வீடுகளில் மேலே குறுக்காக ஒரு கம்பைச் செருகுவார்கள். சேடிலில் அந்தக் கம்புக்கு இடமில்லை. பிரிட்ஜின் நீளம்தான் அந்த வேலையைச் செய்கிறது. பிரிட்ஜ் குட்டையாக இருந்தால் கயிற்றின் இரு கைகளும், அதை டெதரோடு இணைக்கும் கொக்கியான கேரபினரிலிருந்து அகலமாக விரிந்து வளையங்களை உள்நோக்கி இழுக்கும். நீளமாக இருந்தால் அதே கைகள் நெருங்கி நின்று, இழுப்பு இருக்கையைத் தாங்கும் பக்கம் திரும்பும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வளையங்களுக்கு இடையே 16 அங்குலம் இருப்பதாகவும், 180 பவுண்டு எடை முழுவதும் பிரிட்ஜில் தொங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். 23 அங்குலப் பிரிட்ஜில் ஒவ்வொரு கையும் நடுக்கோட்டிலிருந்து சுமார் 45 பாகை விரிகிறது. அப்போது ஒவ்வொரு இடுப்பெலும்பையும் உள்நோக்கி நெரிக்கும் விசை ஏறக்குறைய 90 பவுண்டு. அதையே 32 அங்குலமாக நீட்டினால் விரிவு 30 பாகையாகக் குறைகிறது. நெரிக்கும் விசை 52 பவுண்டுக்கு இறங்கிவிடுகிறது. பாதங்களும் முழங்கால்களும் எடையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால் உண்மையில் இரண்டு எண்களுமே இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றுக்கிடையிலான விகிதம் மாறாது. ஒன்பது அங்குலக் கயிறு செய்யும் வேலை இது.

அதற்காகப் பிரிட்ஜை அளவின்றி நீட்டிவிடவும் கூடாது. உட்கார்ந்த நிலையிலேயே கை நீட்டி டெதரின் முடிச்சைத் தளர்த்தவும் இறுக்கவும் முடிய வேண்டும். அந்த எல்லையைத் தாண்டினால் மரத்திலிருந்து மிகவும் விலகிப்போய், வில்லை இழுக்கும் நேரத்தில் உடல் ஆடும்.

அடுத்தது டெதரின் உயரம். மார்பளவில் கட்டினால் கயிறு கிடைமட்டத்தை ஒட்டி வந்து உங்களை மரத்தின் பக்கமாக இழுக்குமே தவிர, மேல்நோக்கித் தாங்காது. எடையெல்லாம் பாதத்தில் இறங்கும், இடுப்புக்கு நெரிப்பு மட்டும் மிஞ்சும். பிளாட்ஃபார்மில் நேராக நின்று நெற்றி மட்டத்தில் கட்டுங்கள். அங்கிருந்து நான்கு விரற்கடை ஏற்றியும் இறக்கியும் ஒவ்வொரு நிலையிலும் இருபது நிமிடம் இருந்து பாருங்கள். ஏற்ற ஏற்ற எடை பாதத்திலிருந்து இருக்கைக்கு மாறும். இறக்க இறக்கப் பாதத்துக்குத் திரும்பும். சாய்ந்து நிற்பவருக்கும் முழங்காலை மரத்தில் முட்டுக்கொடுத்து உட்காருபவருக்கும் ஒரே உயரம் பொருந்தாது. நான் ஒரே நாளில் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வேன்: காலையில் சாய்ந்து நிற்பேன், பத்து மணிக்குமேல் முழங்கால் உறைகளை மாட்டிக்கொண்டு உட்காருவேன், கால் மரத்துப்போகும் முன்பே நிலையை மாற்றிவிடுவேன்.

மூன்றாவது, சேடில் உடலில் எங்கே இருக்கிறது என்பது. மேல் விளிம்பு பெல்ட் கட்டும் இடத்திலும், கீழ் விளிம்பு புட்டத்தைத் தாண்டித் தொடையின் மேற்பகுதியிலும் இருக்க வேண்டும். ஏறும்போது இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொள்வது சரி. ஆனால் மேலே போய் டெதரில் எடையை ஏற்றிய பிறகு அதைச் சற்றுத் தளர்த்தி, கீழ் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துத் தொடைப் பக்கம் இழுத்துவிட்டு உட்காருங்கள். பலர் இந்த ஒரு அசைவைச் செய்யாமல் விட்டுவிட்டு, சேடிலையே பழிக்கிறார்கள். கால் பட்டைகள் இறுக்கமாக இருக்கத் தேவையில்லை. உட்காரும்போது தொடையைக் கவ்வாத அளவுக்கு விட்டுவிடுங்கள், ஆனால் கழற்றிவிடாதீர்கள்.

இன்னொன்று, காற்சட்டைப் பையில் கைப்பேசியோ சாவியோ வைத்திருக்கிறீர்களா? வலது தொடை மட்டும் மரத்துப்போகிறது என்று எழுதியிருப்பதால் கேட்கிறேன்.

பதில் 2: ஓக் மரத்தடி

மேலே நண்பர் கூறியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் சரிசெய்தலால் மட்டுமே எல்லாம் தீரும் என்ற எண்ணத்தை ஏற்க முடியவில்லை, ஏனெனில் அளவு தவறிய சேடிலை எந்தக் கயிறும் காப்பாற்றாது. ஜீன்ஸில் அச்சிட்டிருக்கும் எண் சேடிலுக்கு உதவாது. நவம்பரில் என்ன உடுத்துவீர்களோ, அந்தக் கம்பளி உள்ளாடை, தடித்த காற்சட்டை எல்லாவற்றையும் அணிந்துகொண்டு, புட்டத்தின் மிகப் பெருத்த இடத்தைச் சுற்றி நாடாவால் அளந்து, தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். வேனிற்காலத்தில் மெல்லிய துணியோடு பொருந்திய சேடில், உறைபனிக் காலையில் ஓர் அளவு சிறியதாகிவிடும். சிறியதாக இருந்தால் வளையங்கள் இடுப்பெலும்புக்கு முன்னால் வந்து நின்று நெரிக்கும். பெரியதாக இருந்தால் துணி மடிந்து, அந்த மடிப்பே கயிறு போல அறுக்கும். உங்கள் சிவந்த தடம் எலும்பின் மேலேயே விழுகிறது என்றால், அளவு சிறியதாக இருக்கக்கூடும் என்று சந்தேகிக்கிறேன்.

ஒற்றைப் பட்டைக்கும் இரட்டைப் பட்டைக்கும் வருகிறேன். டெதர்ட் நிறுவனத்தின் ஃபேண்டம் போன்ற ஒற்றைப் பட்டைச் சேடில்கள் இலேசானவை. நடக்கும்போது இடுப்பில் இருப்பதே தெரியாது. லாட்டிட்யூட் நிறுவனத்தின் மெத்தட் 2 போன்ற இரட்டைப் பட்டைச் சேடில்களில் மேல் பட்டையை முதுகின் அடிப்பகுதிக்கும் கீழ்ப் பட்டையைத் தொடைக்குமாகப் பிரித்து வைக்கலாம். அழுத்தம் ஒரே கோட்டில் நில்லாமல் பரவுகிறது. ஈராண்டுகள் ஒற்றைப் பட்டையில் இருந்துவிட்டு இரட்டைப் பட்டைக்கு மாறியவன் நான். இடுப்பு அகலமானவர்களுக்கும், நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்க விரும்புபவர்களுக்கும் அது பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்துச் சொல்கிறேன். ஆனால் சரிசெய்யும் இடங்கள் இரட்டிப்பாகின்றன. நான் முதல் மாதம் முழுவதும் பட்டைகளின் இடைவெளியைத் தப்பாக வைத்து, முன்பிருந்ததைவிட மோசமாக அவதிப்பட்டேன். கீழ்ப் பட்டை வளைந்த முழங்காலை நோக்கிச் சரிந்துபோனால் இரத்த ஓட்டம் தடைபடும். அதைத் தொடையின் மேற்பாதியிலேயே நிறுத்த வேண்டும்.

முதுகு சாய்க்க ஒரு தனிப் பட்டை விற்கிறார்கள். டெதரில் மாட்டி, தோள்பட்டைக்குக் கீழே முதுகுக்குப் பின்னால் கொண்டுவருவது. நாள் முழுவதும் இருப்பவருக்கு அது ஆடம்பரம் அன்று. மடித்தால் சட்டைப் பையில் அடங்கிவிடும். புதுச் சேடிலுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

முடிந்தால் உங்கள் பகுதியில் சேடில் வைத்திருக்கும் இன்னொருவரிடம் அவருடையதை ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் கடையில் தொங்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாச் சேடிலும் சுகமாகத்தான் இருக்கும்.

பதில் 3: வடக்கன்

சுகத்தைப் பற்றி இருவரும் நன்றாக எழுதிவிட்டார்கள். நான் கவலைப்படுவது, ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினேன் என்ற வரியைப் பற்றி.

சேடிலின் துணியையும் தையலையும் பகல் வெளிச்சத்தில் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். பிரிட்ஜ், டெதர், ஏறும்போது இடுப்பைச் சுற்றிப் போடும் லைன்மேன் கயிறு ஆகிய மூன்றையும் யோசிக்காமல் புதிதாக மாற்றுங்கள். பழைய கயிறு எத்தனை வெயில் கண்டது, எதில் உராய்ந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. டெதருக்கு 8 மி.மீ. கயிறு சுமந்து செல்ல இலேசுதான். ஆயினும் கையுறை போட்ட கையில் பிடிபடுவது 11 மி.மீ. கயிறுதான். டெதரைச் சுற்றிப் பிடித்து, மேலும் கீழும் நகர்த்தக்கூடிய புரூசிக் முடிச்சுக்கான சிறு கயிற்றின் தடிமன் டெதரின் தடிமனுக்குப் பொருந்தாவிட்டால் முடிச்சு வழுக்கும். இரண்டையும் ஒரே இடத்தில், ஒன்றுக்கொன்று பொருத்தமாக வாங்குங்கள்.

உயரத்தை மாற்றிப் பார்க்கும் ஆர்வத்தில் டெதரை ஒருபோதும் தளர்வாக விட்டு நிற்காதீர்கள். இந்தக் கயிறுகள் நீளாதவை. இரண்டடித் தளர்வோடு கால் வழுக்கினால் அந்த அதிர்ச்சி முழுவதும் உங்கள் முதுகெலும்பில் விழும். டெதரைவிட மேலே ஏறி நிற்பதும் அப்படியே. தரையில் காலை ஊன்றி எழுந்துவிடலாம் என்ற உயரத்தில், ஒன்றரையடியில் பிளாட்ஃபார்மைக் கட்டி எல்லாச் சோதனையையும் முடித்துக்கொண்டு, பிறகு மேலே போங்கள்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்: மிச்சிகன் பொது நிலத்தில் மரப்பட்டையைத் துளைக்கும் எதையும் பயன்படுத்தக் கூடாது. திருகு வைத்த படிகள் வேண்டாம், நாடாவால் மரத்தில் கட்டும் ஏறுபடிகளான ஸ்டிக்குகள் போதும்.

கேள்வி கேட்டவர்: ஆற்றோர வில்லாளி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு வாரம் உழைத்துவிட்டு எழுதுகிறேன்.

கயிறுகள் மூன்றையும் மாற்றிவிட்டேன். புதிய பிரிட்ஜை 31 அங்குலத்தில் வைத்து, டெதரை நெற்றிக்கு மேல் மூன்று விரற்கடையில் கட்டியபோது, முதல் மாலையே ஒன்றரை மணி நேரம் இருக்க முடிந்தது. கீழ் விளிம்பை இழுத்துவிட்டு உட்காரும் அந்த அசைவை அதுவரை நான் செய்ததே இல்லை. தொடை மரத்துப்போனதற்குக் காரணம், கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன், வலது பையில் இருந்த மடக்குக் கத்தி. அதை முதுகுப்பைக்கு மாற்றியதும் அந்தத் தொல்லை போயிற்று. ஆனால் குளிர்கால உடையோடு அளந்தபோது என் சுற்றளவு அட்டவணையின் அடுத்த அளவில் விழுகிறது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எஞ்சும் வலி அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆகவே அடுத்த அளவில் இரட்டைப் பட்டை வாங்கத் தீர்மானித்துவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நான் வலது கையால் நாணை இழுப்பவன். மான் தடத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொண்டு மரத்தில் ஏற வேண்டும்?

பதில்: கயிறும் கிளையும்

மரத்தைப் பார்த்தபடி இருக்கும்போது தடம் உங்கள் இடப்பக்கம் வரும்படி ஏறுங்கள். வில் இடக்கையில் இருப்பதால் அந்தப் பக்கம் இடுப்பைத் திருப்பாமலேயே எய்யலாம். வலப்பக்கம் வரும் மானுக்கு, பிளாட்ஃபார்மின் விளிம்பில் காலை மாற்றி உடலைச் சுழற்றி, வில்லை டெதருக்கு மேலாகத் தூக்கி மறுபுறம் கொண்டுபோக வேண்டும். அதைத் தரையருகே ஐம்பது முறையாவது பழகுங்கள். மரம் சாய்ந்திருந்தால் சாயும் பக்கத்தின் அடியில் தொங்க வேண்டாம், பாதம் பிளாட்ஃபார்மில் பதியாது. ஷாக்பார்க் ஹிக்கரி மரத்தையும் தவிர்த்துவிடுங்கள்; அதன் பட்டை ஓடு ஓடாகப் பெயர்ந்து, முழங்கால் பட்டாலே சடசடவென்று உதிரும்.

புதுச் சேடில் வந்ததும் பட்டைகளின் இடைவெளியையும் பிரிட்ஜ் நீளத்தையும் அளந்து எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.