பழைய வீட்டு மர ஜன்னல், மழைத்தண்ணி உள்ள வருது: 9 ஜன்னலையும் மாத்தியே ஆகணுமா?

ஈரச்சுவர்: எல்லாருக்கும் வணக்கம். தாத்தா கட்டுன வீடு, செங்கலும் சுண்ணாம்புக் காரையும், வயசு 60க்கு மேல இருக்கும். 9 ஜன்னலும் மரம், நேர்கம்பிய நிலையிலயே குத்தி வெச்சது, மேல ரெண்டு கதவு கீழ ரெண்டு கதவு. மழை ஆரம்பிச்சா சாத்துனது திறக்காது, திறந்தது சாத்தாது. அதுகூட பரவால்ல, மாடி கடைசி ரூம்ல ஜன்னலுக்குக் கீழ தண்ணி வழிஞ்சு பூச்சு உப்பி உதிருது. சிலிகான் ரெண்டு தடவ அடிச்சாச்சு, ஒரு மழைகூட தாங்கல. வந்து பாத்த ஜன்னல் கம்பெனிக்காரர் மொத்தத்தையும் யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஸ்லைடிங்கா மாத்திடுங்க, பழைய நிலைய எடுக்கவே வேணாம், அதுக்குள்ளயே புது ஃப்ரேம சொருகிடலாம், ரெண்டு நாள் வேலைங்கறார். அம்மாவுக்கு மனசே இல்ல. என்ன பண்ணலாம்?

சாலரம்: மாத்திடுங்க ப்ரோ, யோசிக்காதீங்க. நாங்க மாத்துனப்புறம் தூசி சத்தம் எல்லாம் பாதியா குறைஞ்சிருச்சு.

இழைப்புளி: தம்பி, கைய வைக்கறதுக்கு முன்னாடி ஒரு திருப்புளி எடுத்துக்கிட்டு எல்லா நிலையையும் ஒரு சுத்து வாங்க. அடிக்கட்டையும் (நிலையோட கீழ்க்கட்டை) ரெண்டு பக்க நிலைக்கால் அடியும்தான் முதல்ல உளுக்கும், அங்க குத்திப் பாருங்க. கெட்டி மரம்னா முனை பதியும், அவ்வளவுதான். வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்குச்சுன்னா உள்ள போச்சுன்னு அர்த்தம். தட்டுனா டொக்கு டொக்குனு வெத்துச் சத்தம் வந்தா கரையானான்னும் பாருங்க. அப்புறம், நிலைக்குள்ள நிலை சொருகுறதுல ஒரு கணக்கு இருக்கு, அத அவர் சொல்லியிருக்க மாட்டார். ஃப்ரேம் ஒரு பக்கத்துக்கு சுமார் 6 செ.மீ. தடிமன், 90 செ.மீ. ஜன்னல்ல ரெண்டு பக்கமும் இடைவெளியும் போனா மிஞ்சறது 77 வாக்குல. ஸ்லைடிங்ல அதுலயும் பாதிதான் திறக்கும். இப்ப முழுசா காத்து வர்ற ஜன்னல் அப்புறம் ஒரு ஆள் தலைய நீட்டுற சந்தாயிடும். உளுத்த கட்டை உள்ள மறைஞ்சு உக்காந்து இன்னும் உளுக்கும், அது வேற.

பழைய சைட் இன்ஜினியர்: சிலிகான் நிக்கலன்னா தண்ணி நீங்க அடச்ச இடத்துல வரலன்னு அர்த்தம் சார். பழைய வீட்ல ஜன்னலுக்குக் கீழ ஈரம்னா என் சந்தேகம் முதல்ல சன்ஷேடு மேலதான் போகும், அதான் ஜன்னலுக்கு மேல வெளிய நீட்டியிருக்குற சிலாப். ஹோஸ் வெச்சு டெஸ்ட் பண்ணுங்க, ஆனா எடுத்த உடனே மேல அடிக்காதீங்க, அடிச்சா எல்லாப் பக்கமும் வழிஞ்சு எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியாது. அடிக்கட்டைக்குக் கீழ இருக்குற சுவத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு இடத்துலயும் 10, 15 நிமிஷம் மெதுவா விடுங்க, உள்ள ஒருத்தர் டார்ச்சோட நிக்கட்டும், வரலன்னா நிலை ஓரம், அப்புறம் நிலைக்கு மேல, கடைசியா சன்ஷேடும் சுவரும் சேர்ற மூலை. எந்த இடத்துல விடும்போது உள்ள கசியுதோ அதான் ஆளு.

இன்னொண்ணு, இது முக்கியம். சில பழைய வீடுகள்ல ஜன்னலுக்கு மேல லிண்டலே (மேல் சுவர் பாரத்த தாங்குற குறுக்குச் சட்டம்) இருக்காது, நிலை மேலயே செங்கல அடுக்கியிருப்பாங்க. அந்த நிலைய முட்டு குடுக்காம உருவுனா மேல இருக்குறது இறங்கிடும். யார் வேலை செஞ்சாலும் மேல பூச்ச கொஞ்சம் கொத்திப் பாத்துட்டு கைய வைக்கச் சொல்லுங்க.

ஈரச்சுவர்: ரெண்டும் பண்ணிட்டேன். 8 நிலை கல்லு மாதிரி இருக்கு, எனக்கே ஆச்சரியம். சமையல்ரூம் ஜன்னல் மட்டும் அடிக்கட்டையில திருப்புளி பாதி வரைக்கும் போயிடுச்சு, ரெண்டு கம்பி ஆடவே ஆடுது. மாடில நிலைய சுத்தி எங்க தண்ணி விட்டும் ஒண்ணும் வரல, சன்ஷேடு மூலைக்குப் போயி 5 நிமிஷத்துல தங்கச்சி உள்ளேருந்து கத்துறா. ஏறிப் பாத்தா சன்ஷேடு சுவர் பக்கமா சாஞ்சு குளம் மாதிரி நிக்குது, மூலை நெடுக விரிசல், பாசி.

பழைய சைட் இன்ஜினியர்: நினைச்சேன். பாசியச் சுரண்டிட்டு, விரிசல கொஞ்சம் அகலமா கொத்தி அடச்சு, வெளிப்பக்கம் வாட்டம் வர்ற மாதிரி மேல பூசச் சொல்லுங்க. மூலைய செங்குத்தா விடாம உருட்டிப் பூசணும். சன்ஷேடு அடியில வெளி ஓரத்த ஒட்டி நெடுக ஒரு காடி (சின்னப் பள்ளம்) எடுக்கச் சொல்லுங்க, இல்லன்னா தண்ணி அடி வழியா நடந்து சுவத்துக்கே வரும். உள்ள உப்புன இடத்துல உடனே சிமெண்ட்ட அப்பிடாதீங்க, நல்லா காயட்டும், காஞ்சதும் சுண்ணாம்புக் கலவையே போடுங்க. சுண்ணாம்புச் சுவர் ஈரத்த வெளிய விட்டுடும், சிமெண்ட் அத அமுக்கி வைக்கும்.

இழைப்புளி: கதவு சாத்தாததுக்கு இப்ப இழைக்காதீங்க. மரம் ஈரத்துல ஊதியிருக்கு, இப்ப சீவுனா வெயில் காலத்துல விரல் நுழையுற சந்து விழும். முதல்ல கீல் ஸ்க்ரூவ முறுக்கிப் பாருங்க, பாதிக்குப் பாதி கதவுங்க கீல் தளந்து தொங்கித்தான் உரசும். நல்லா காஞ்சப்புறமும் உரசுனா நிலையில சாக்பீஸ் தேச்சு சாத்துங்க, கதவுல எங்க வெள்ளை ஒட்டுதோ அங்க மட்டும் ரெண்டு இழுப்பு. கதவோட மேல் கீழ் வெட்டு முனைக்கு யாரும் பெயிண்ட் அடிக்கறதே இல்ல, தண்ணி குடிக்கறதே அதுதான். பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அதனால வறட்டுத் தேய்ப்பு வேணாம், தண்ணி தொட்டுத் தேய்ங்க, சின்னப் பசங்கள கிட்ட விடாதீங்க.

மொட்டமாடி: சமையல்ரூம்ல உளுத்த இடத்த வெட்டி எடுத்துட்டு அதே மரத்துல ஒட்டுப் போடலாமே? எங்க வீட்ல ஆசாரி போட்டுக் குடுத்தது இன்னும் நல்லா இருக்கு.

இழைப்புளி: போடலாம் மொட்டமாடி, ஆனா கம்பி குத்துற இடமே போயிருந்தா ஒட்டு பிடிக்காது. அந்த ஒண்ண மாத்தறதுதான் சரி. நிலைய அப்படியே இழுக்காதீங்க தம்பி, ஹோல்ட்ஃபாஸ்ட் (நிலைய சுவத்தோட பிடிக்கிற இரும்புப் பட்டை) சுவத்த பேத்துக்கிட்டு வரும். முட்டு தேவையான்னு பாத்துட்டு, நடுவுல ரம்பம் போட்டு துண்டு துண்டா எடுங்க.

ஈரச்சுவர்: அந்த ஒண்ணுக்கு யூபிவிசி, ஸ்லைடிங் வேணாம், வெளிய திறக்குற மாதிரியே போடலாம்னு இருக்கேன். ஒரே ஜன்னல்னதும் கம்பெனிக்காரர் அளவெடுக்க ஆள் இல்லன்னுட்டார், வேற ஒருத்தர் அளவ நீங்களே அனுப்புங்கன்னார். அகலம் மேல 912, நடுவுல 908, கீழ 904 மி.மீ. மூலைக்கு மூலை புடிச்சா 14 மி.மீ. வித்தியாசம் வருது. நான்தான் தப்பா அளக்குறேனா?

பழைய சைட் இன்ஜினியர்: டேப் சரிதான் சார், சுவர்தான் கோணல். அகலத்துல 904தான் உங்க அளவு, அதுலேருந்து 10 கழிச்சு 894னு சொல்லுங்க, உயரமும் அதே மாதிரி மூணு இடத்துல. யூபிவிசி வெயிலுக்கு நீளும், 1 மீட்டருக்கு 10 டிகிரி ஏறுனா கிட்டத்தட்ட முக்கால் மி.மீ., இறுக்கி மாட்டுனா வளைஞ்சு கதவு பூட்டாது. 14 மி.மீ. கோணல ஃபோம (சந்துல அடிக்கிற நுரை) வெச்சு மறைக்க விடாதீங்க, கொத்தனார வெச்சு ஓரத்த நேர் பண்ணிட்டு திரும்ப ஒரு தடவ அளந்துட்டு ஆர்டர் குடுங்க. ஃபோம் தண்ணிய தடுக்காது, வெயில் பட்டா பொடியாயிடும், வெளிய சிலிகான் கோடு கண்டிப்பா வேணும். ஆனா ஃப்ரேம் அடியில சின்னச் சின்ன ஓட்டை இருக்கும் பாருங்க, தண்ணி வெளிய போறதுக்கு, அத மட்டும் யாரும் நல்ல மனசோட அடச்சிடாம பாத்துக்குங்க. கம்பிக்குத் தனியா கிரில் சொல்லிட்டீங்களா? யூபிவிசில குத்த முடியாது, அத சுவத்துலதான் பிடிக்கணும்.

ஈரச்சுவர்: கிரில்ல மறந்தே போயிட்டேன் சார். நாளைக்கே சொல்றேன்.