மரபுப் பாதுகாப்பாளர்களை வெளிநாடு அனுப்பிப் படிக்க வைக்க வேண்டுமா?

கல்வெட்டுப்பிரியன்:
சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 1981 முதல், பழைய கோயில், சிலை, சுவடி போன்றவற்றைப் பாதுகாக்கும் நம் ஆட்களையும் பிரிட்டனுக்கு அனுப்பிப் படிக்க வைக்கிறது. ரோமில் இருக்கும் இக்ரோம் என்ற பன்னாட்டு மரபுப் பாதுகாப்பு நிறுவனமும் பயிற்சி நடத்துகிறது. ஆனால் இடங்கள் கொஞ்சம், போட்டியோ அதிகம். இத்தனை கோயில் வைத்திருக்கும் தமிழ்நாடு தன் செலவில் ஆண்டுக்குப் பத்துப் பேரையாவது அனுப்ப வேண்டும். சுத்தம் செய்கிறேன் என்று மணலைப் பீய்ச்சியடித்து எத்தனை கல்வெட்டுகளைத் தேய்த்தார்கள்! கல்லைப் பாதுகாக்கும் முறையைப் படித்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் விட்டிருப்பாரா?

சுண்ணாம்புக்காரன்:
இருந்தாலும் நடந்திருக்கும். திருப்பணி ஒப்பந்தக்காரரைத் தடுக்கும் அதிகாரம் அவருக்கு யார் கொடுத்தது? மணல் பட்டால் எழுத்து போகும் என்று எந்த ஸ்தபதியும் சொல்வார். அந்தப் பணத்தில் இங்கேயே ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கலாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்களுக்கு வயதாகிவிட்டது. லண்டனில் இதை யார் சொல்லித் தருவார்கள்? விண்ணப்பமும் ஆங்கிலத்தில். பட்டம் வாங்கியவருக்குக் கிடைக்கும், சாரத்தில் நிற்கிறவருக்குக் கிடைக்காது.

பச்சைக்களிம்பு:
அண்ணா, சுண்ணாம்புக்கு நீங்கள் சொல்வது சரி. செப்புத் திருமேனிக்கு அது பொருந்தாது. உப்பு மண்ணில் புதைந்து கிடந்த படிமத்துக்குள் குளோரைடு தங்கிவிடும். வெளியே எடுத்து ஈரக்காற்று பட்டதும் வெளிர்பச்சைத் தூள் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். துடைத்தால் அடியில் குழி. சென்னை அருங்காட்சியகத்தில் 1930களிலேயே வேதியியலாளர் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில், அதாவது கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தி, இதற்கு வைத்தியம் பார்த்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. ஆனால் அந்த முறையில் மேல்படலம் மொத்தமாகப் போய்விடும். பழைய மேற்பரப்பின் வடிவமே அந்தப் படலத்துக்குள் இருக்கலாம் என்பதால் இன்று யாரும் சட்டென்று அதில் கைவைப்பதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தபடி சிறு கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறார்கள். கைதேர்ந்தவர் பக்கத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்தால்தான் அந்தக் கை வரும்.

சுண்ணாம்புக்காரன்:
அப்படியானால் அந்தக் கைதேர்ந்தவரை இங்கே அழையுங்கள் தம்பி. ஒருவர் போய்க் கற்பதை இருபது பேர் கற்பார்கள். அழியும் நிலையில் இருக்கும் ஆவணங்களைப் படமெடுத்துக் காக்கும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டமும் 2004 முதல் உள்ளூரிலேயேதான் வேலையை நடத்துகிறது. ஆவணம் இருக்கும் ஊருக்கே பணம் வருகிறது. மூல ஆவணம் நாட்டை விட்டுப் போவதில்லை, வேலை கற்றவர்களும் இங்கேயே இருக்கிறார்கள்.

கல்வெட்டுப்பிரியன்:
ஆளை அழைக்கலாம், அவருடைய ஆய்வுக்கூடத்தையும் சேர்த்து அழைக்க முடியுமா? பாரிஸ் தேசிய நூலகத்தில் தமிழ்ச் சுவடிகள் இருக்கின்றன. அந்த ஓலைகளை அங்கே எந்த ஈரப்பதத்தில், எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க நாம்தான் போக வேண்டும்.

பச்சைக்களிம்பு:
போய் வந்த பிறகு என்ன என்பதையும் பேசுவோம். எனக்குத் தெரிந்த ஒருவர் வெளிநாட்டில் காகிதப் பாதுகாப்பு படித்துவிட்டு வந்தார். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அவரிடம் வருகைப் பதிவேட்டைக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அவர் வேறு தொழிலில் இருக்கிறார். எனக்கு இன்னும் மனது ஆறவில்லை.

சுண்ணாம்புக்காரன்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். முதலில் பணியிடம், வேலையை நிறுத்தும் அதிகாரத்தோடு. அது அரசாணையாக வரட்டும். அப்புறம் அனுப்புங்கள், பத்தில் மூன்று இடம் கொத்தனாருக்கும் ஸ்தபதிக்கும், விண்ணப்பம் தமிழில்.

கல்வெட்டுப்பிரியன்:
மூன்று போதாது, ஐந்து வையுங்கள். ஆனால் பணியிடம் வரும்வரை காத்திருக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். படித்தவர்கள் நாலு பேர் வந்து கேட்டால்தான் அந்த அரசாணையே வரும்.