பாளையங்கோட்டையில் 20க்கு 50 மனை: முற்றத்துக்கு மேல் என்ன போடலாம்?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேணும். கிழக்கு பார்த்த மனை, 20க்கு 50 அடி. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். முன்னாலும் பின்னாலும் வரும் வெளிச்சம் நடு வீட்டுக்கு எட்டாது. அதனால் நடுவில் 6க்கு 8 அடி முற்றம், அதை ஒட்டி மாடிப்படி.

சிக்கல் மேல்மூடியில்தான். வடக்குச் சாய்வாகக் கண்ணாடி போட்டால் வெயில் இறங்காது என்கிறார்கள். நம்ம ஊருக்கு அது சரிவராது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் வடக்கேதான் சாய்ந்திருக்கும். ஆகவே முற்றத்தைச் சுற்றி 9 அங்குலக் கட்டைச் சுவர் எழுப்பி, சூடு வெளியேற ஒன்றரை அடிக்கு லூவர் (இடைவெளி விட்டுச் சாய்வாக அடுக்கிய பட்டைகள்), அதற்கு மேல் லேமினேட்டட் கண்ணாடி (நடுவில் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி) என்று திட்டம். ஐப்பசி மழைச் சாரல் அதற்குள் அடிக்குமா? பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடு வேண்டாம், வெயிலில் மஞ்சளாகிவிடும். இப்படிப் போட்டிருப்பவர்கள் கண்ணாடியின் கனம், சாய்வு, லூவர் பட்டையின் கோணம் மூன்றும் சொல்லுங்க.