மறு: ஃபோம் இன்சர்ட் – ‘நுரைச் செருகி’ வேண்டாமே

குழுமத்தாருக்கு வணக்கம்.

ரிமோட் வண்டி டயருக்குள் வைக்கும் ‘ஃபோம் இன்சர்ட்’ என்ற நுரைப்பஞ்சு வளையத்துக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை நாலு நாளாக ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ‘நுரைச் செருகி’யைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் பொறுக்கவில்லை.

> காற்றடைத்த டயர், நுரையடைத்த டயர் என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் வேலை முடிந்ததே?

முடியாது ஐயா. மண்ணிலும் கல்லிலும் ஓடும் ரிமோட் வண்டிகளில் நுரையை யாரும் அடைப்பதில்லை. ரப்பர் டயர் தனி, அதற்குள் உட்காரும் நுரைப்பஞ்சு வளையம் தனி. வளையத்தை உள்ளே வைத்து, டயரின் ஓரத்தை ரிம்மோடு சூப்பர் குளூ போட்டு ஒட்டிவிடுவார்கள். பாறை ஏறும் வண்டி என்றால் பசைக்குப் பதில் திருகு போட்டு இறுக்கும் பட்டையும் உண்டு. உள்ளே காற்றும் இருக்கிறது, ஆனால் அடைத்த காற்று இல்லை. ரிம்மிலோ டயரிலோ சின்ன ஓட்டை இருக்கும். டயர் அமுங்கினால் காற்று வெளியே போகும், நிமிர்ந்தால் திரும்ப உள்ளே வரும். (இந்த ஓட்டைக்கு ‘மூச்சுத்துளை’ என்று ஒருவர் சொன்னது அருமை. அதில் இனி யாரும் கை வைக்காதீர்கள்.) தார்த்தளத்தில் ஓட்டும் பந்தய வண்டிகளில் ரப்பரே இல்லாமல் முழுக்க நுரையால் ஆன டயரும் உண்டு. ‘நுரையடைத்த’ என்றால் படிப்பவர் அதுவோ என்று குழம்புவார்.

> பெரிய வண்டி மாதிரி காற்றே அடைத்துவிட்டால் என்ன?

அக்கா, இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கணக்குப் போட விடுங்கள். 1,200 கிலோ கார் என்றால் சக்கரத்துக்கு 300 கிலோ. அதனால்தான் பங்க்கில் போய் “32 வை” என்கிறோம். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஆர்.சி. பக்கி (மேடுபள்ளத்தில் ஓடும் ரிமோட் வண்டி) 1.6 கிலோ இருக்கும், சக்கரத்துக்கு 400 கிராம். தரையைத் தொடும் இடம் இரண்டு செ.மீ.க்கு இரண்டு செ.மீ. என்று வைத்தால், ஒரு சதுர செ.மீ.க்கு 100 கிராம்தான். பி.எஸ்.ஐ. கணக்கில் (பங்க்கில் சொல்லும் 32 அந்த அலகில்தான்) ஒன்றரைகூட வராது.

இந்த ஒன்றரைக்குள் நின்று விளையாடுவதுதான் கஷ்டம். நம் பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். சென்னையைவிட இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அதுவும் அதே ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவுதான். சென்னையில் காற்றடைத்து மூடிய டயரைப் பெட்டியில் வைத்து பெங்களூரு மெயில் ரயிலில் ஏற்றினால், கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கும்போது ஊட்டி பஸ்ஸில் உப்பிப்போன சிப்ஸ் பாக்கெட் மாதிரி விறைத்திருக்கும். நடு மதியத்தில் ஓட்டி ரப்பர் சூடேறினாலும் இதே கதை. கார் டயருக்கு 32இல் ஒன்றரை கூடினால் யாருக்கும் தெரியாது. இந்தக் குட்டி டயருக்கு அது இரு மடங்கு. போதாததற்கு, மூடிய காற்று வாங்கிய அடியை அப்படியே திருப்பிக் கொடுக்கும். வண்டி ஒரு மேட்டில் தாவி இறங்கினால் ரப்பர் பந்து போலத் துள்ளும். நுரையும் மூச்சுத்துளையும் சேர்ந்தால் அந்தத் துள்ளல் அடங்குகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘செருகி’ என்றால் எனக்குக் கொண்டை ஊசிதான் ஞாபகம் வருகிறது. ‘உள்ளீடு’ உண்மையில் பொருத்தமான சொல். மூங்கிலை உள்ளீடற்றது என்கிறோம் இல்லையா? ஆனால் கணினிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு ரொம்ப நாளாகிவிட்டது. ‘டயர்ச் சோறு’ என்று ஒருவர் கற்றாழைச் சோற்றை நினைத்து எழுதியிருந்தார். ரசித்தேன், ஆனால் கடையில் போய்க் கேட்க வாய் வராது.

போன ஞாயிறு மழை விட்டதும் பக்கத்துக் காலி சைட்டில் என் பக்கியை ஓட்டினேன். செம்மண் சேறு. அரை மணியில் பின்சக்கரம் கல்லாய்க் கனத்தது. வீட்டுக்கு வந்து கொதிநீரில் போட்டு ஒட்டை விடுவித்து, உள்ளே இருந்த வளையத்தைப் பிழிந்தால் டீத்தூள் நிறத்தில் கால் டம்ளர் தண்ணீர். மூச்சுத்துளை வழியாக உறிஞ்சியிருக்கிறது. வளையத்தைக் கைப்பிடிச் சுவரில் காய வைத்துவிட்டு நிமிர்கிறேன், எதிர்க் கட்டடத்தில் ஒரு அம்மா தலையில் துணியைச் சுருட்டி வைத்து, அதன்மேல் கலவைச் சட்டியோடு படியேறுகிறார். அதே வளையம், அதே வேலை: பாரத்தைத் தாங்கு, அடியை வாங்கு.

சும்மாடு. சுமையோடு ஒட்டிப் பிறந்த சொல். கன்னட நண்பரிடம் ‘சிம்பி’ என்றால் அவருக்கும் புரியும்.

> சும்மாடு இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாதே. பிரிமணை என்றால்?

செருகி மட்டும் தெரியுமா! பிரிமணை பானை உருளாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அமுங்கி நிமிர்வது அதன் வேலை இல்லை. தவிர, ‘நுரை’ என்று பொருளைப் பெயரில் கட்டிவிட்டால் நாளைக்கு வேறு பொருளில் வந்ததும் பெயரை மாற்ற வேண்டும். கரடுமுரடான பாதையில் ஓடும் எண்டியூரோ பந்தய பைக்குகளில் ட்யூபுக்குப் பதில் போடும் மூஸ் வளையத்துக்கும் சும்மாடு பொருந்தும்.

வகைகளுக்கு: தண்ணீர் குடிக்கும் மலிவான நுரை (ஓபன் செல்) ‘திறந்த கண்’ சும்மாடு. குடிக்காமல் நெடுநாள் உழைப்பது (க்ளோஸ்டு செல்) ‘மூடிய கண்’ சும்மாடு. இழையில் ஒருவர் ஒட்டியிருந்த இயந்திர மொழிபெயர்ப்பில் ‘மூடிய உயிரணு நுரை’ என்று இருந்தது. தயவுசெய்து அது வேண்டாம். வேகத்தில் டயர் நடுவில் வீங்குவதற்கு ‘உப்பல்’ போதும், பூரி சாப்பிடுகிற எவருக்கும் புரியும்.

சோதனைக்காக இங்கே பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் நான் வழக்கமாகப் போகும் கடையில் நேற்று வாய்விட்டே கேட்டேன்: “அண்ணா, ரெண்டு புள்ளி ரெண்டு இஞ்சு டயருக்குச் சும்மாடு இருக்கா?” திருவண்ணாமலைக்காரர். ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் உள்ளே திரும்பி, “டேய், அந்த ஃபோம் கவரை எடுத்தா” என்றார்.