புதுப்பிப்பு: 10,999 ரூபாய் போன், நாலு மாதத்துக்கு அப்புறம்

போன் வாங்கிய வாரம், "இந்த விலைக்கு இது போதும், 4 ஜிபி ரேமே தாராளம்" என்று எழுதியிருந்தேன். அதில் பாதியை இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

அன்றாட வேலைக்குக் குறையில்லை. 5000 எம்ஏஎச் பேட்டரி, இரவு பத்து மணிக்கும் முப்பது சதவீதம் காட்டுகிறது.

ரேம் விஷயத்தில்தான் தப்புக் கணக்கு. ஓடுகிற ஆப்களைத் தாங்கிப் பிடிக்கிற நினைவகம் அது; 4 ஜிபி பத்தாததால் போன் பழைய ஆப்பை மூடிவிடுகிறது. டீக்கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்துவிட்டுத் திரும்பினால், ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றிருக்கும். பெட்டியில் போட்டிருந்த 'கூடுதல் 4 ஜிபி', ஸ்டோரேஜிலிருந்து வாங்கிய கடன். நிஜ ரேமின் வேகம் அதற்கு வராது.

பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் முதல் இருபது நிமிடம் ஜோர். அப்புறம் கேமரா பக்கம் சுட ஆரம்பிக்கும், சூட்டைக் குறைக்க சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எதிரி தத்தித் தத்தி வருவான். பின்கவரைக் கழற்றினால் கொஞ்சம் பரவாயில்லை.

கேமரா 50 மெகாபிக்சல் என்றாலும், சாதாரணமாக நாலு பிக்சலை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படம்தான் தருகிறது. பகலில் அருமை. இரவில் மொட்டைமாடியில் அம்மா பூ கட்டுவதை எடுத்தேன்: மல்லிகைச் சரம் பஞ்சுத் திரி மாதிரி அப்பிக்கிடக்கிறது, ஒரு விரல் இரண்டாகத் தெரிகிறது. கிட்டத்தில் வைத்து எடுக்க என்று கொடுத்த அந்த 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா? திருஷ்டிப் பொட்டு.

கேமுக்காக இதை வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, 6 ஜிபி ரேமும் யூஎஃப்எஸ் என்ற வேகமான வகை ஸ்டோரேஜும் இருக்கிற போனாகப் பாருங்கள். தன் அம்மாவுக்கு வாங்கலாமா என்று கேட்டவர் தாராளமாக இதையே வாங்கலாம்.